வானம் பொய்த்த நாட்டில் யோபு

அருப்புக்கோட்டையினின்றும் திருச்சுழி நோக்கிப் பங்குனித் திங்களிற் செல்வார்க்கு அந்நாட்டின் இயல்பு எவரும் கூறாமலே விளங்கும். இருமருங்கும் கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் விளையும் புன்செய்கள் வெறுமையுற்றிருக்கும். கண்மாய்களின் உள்வாயில் ஆடுகள் மேயும். எஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் கவர்ந்து நிற்கும். குண்டாறு மணலாறாய்க் காட்சி தரும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பொழியின் கண்மாய் பெருகும். பொய்ப்பின் அடுத்த ஐப்பசி வரையும் குடிகள் வானை நோக்கியே வாழ்தல் வேண்டும்.

இத்தகைய நாட்டில் திருச்சுழி என்னும் பெயரே வியப்புக்குரியது. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பதி அது. ஊழிவெள்ளம் பெருகி வந்தபோது இறைவன் அதனைச் சுழித்து நிலத்துட் புகச் செய்தான் என்று அவ்வூர்ப் புராணம் கூறும். வெள்ளத்திற்கு அஞ்சிய கதை, நீருக்கு ஏங்கும் நாட்டின் நடுவே வழங்குகின்றது! நீர் மிகினும் துன்பம், குறையினும் துன்பம். ‘இஃது எதனால் நேர்ந்தது?’ என்னும் வினா இரண்டிற்கும் பொதுவாய் நிற்கின்றது. அவ்வினாவையும், கிறிஸ்தவ மறை அதற்குக் காட்டும் நெறியையும், யோபின் நூலைத் துணைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

வினா பிறந்த இடம்

நூலை எடுப்பதற்கு முன், இவ்வினா எம்மை எவ்வாறு பற்றியது என்பதைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன், கண்மாய் வறண்ட ஒரு கோடையில், எம் இளையோன் தன் ஆறாம் வயதிற் காய்ச்சலால் இறந்தான். துக்கம் கேட்க வந்தோர் பலர். ஒருவர், ‘வீட்டில் ஜெபம் குறைந்திருக்கும்’ என்றார். மற்றொருவர், ‘ஆண்டவர் உங்கள் விசுவாசத்தைச் சோதிக்கிறார்’ என்றார். இருவரும் நல்லவரே, அன்பினாலேயே பேசினர். அன்றிரவு எம் அன்னையார், ‘நான் என்ன பிழை செய்தேன்?’ என்று விடியும்வரை வினவிக்கொண்டிருந்தார்.

மறுநாட் காலையில் அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர் வந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஒரு குடம் நன்னீருக்கு நெடுந்தொலை நடக்க வேண்டியிருந்த அந்நாளில், இரண்டு குடம் நீரைக் கொணர்ந்து எம் வாயிலில் இறக்கினார். ஒரு செம்பில் மொண்டு அன்னையார் கையிற் கொடுத்து, ‘குடி தாயி’ என்றார். பின்னர்ப் பொழுது சாயும்வரை அருகே அமர்ந்திருந்தார், வேறொன்றும் பேசினாரல்லர்.

இம்மூவருள் ஞானமுடையார் யாவர்? பின்னாளிற் கல்லூரி விடுதியில் யோபின் நூலை முதன்முறை முற்றும் ஓதியபோதுதான் இவ்வினாவிற்கு விடை எமக்குத் துலங்கலாயிற்று.

தமிழ்நூல்களும் மழையும்

மழையையும் ஒழுக்கத்தையும் பிணைத்துக் கூறுதல் நம் தமிழ்நூல்கட்குப் பழைய வழக்கம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வள்ளுவர் வைத்தார். அரசன் முறைதவறின் வானமும் பெயல் தவறும் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் அவரே உரைத்தார். கற்புடைய மனைவியின் சொல்லுக்கு மழையும் பணியும் என்றும் போற்றினார். நல்லார் ஒருவர் இருப்பின் அவர்பொருட்டு எல்லார்க்கும் மழை உண்டாகும் என்பது ஔவையார் பெயரால் வழங்கும் மூதுரையின் கருத்து.

இவ்வுரைகளை நாம் பழித்தல் தகாது. வலியோனை நோக்கி, ‘நின் செங்கோல் கோணின் நாடு வறளும்’ என்பது நல்லுரை. அவ்வுரை வேந்தன் கையைத் தடுக்கும், எளியவனைக் காக்கும். ஆயினும் அதனைத் திருப்பி, வறண்ட நிலத்தில் நிற்கும் உழவனை நோக்கி, ‘நீ என்ன செய்தாயோ, மழை இல்லை’ என்று கூறின், அது கொடுஞ்சொல் ஆகின்றது. அறிவுரையாய்த் தோன்றியது குற்றச்சாட்டாய் முடிகின்றது.

இறையனார் களவியல் உரையிற் கூறப்படும் பாண்டிநாட்டுப் பஞ்சத்தை இங்கு நினைத்தல் தகும். பன்னீராண்டு வற்கடம் சென்றது என்றும், புலவரைப் புரத்தல் இயலாமையின் வேந்தன், நாடு நாடாயின பின் வருமாறு சொல்லி அவர்களைப் புறத்தே போக்கினான் என்றும் அவ்வுரை சொல்லும். அப்பஞ்சம் எவர் பிழையால் வந்ததென்று அவன் அங்கே நின்று ஆராய்ந்தானல்லன். தன்னால் இயலாததை ஒளியாது ஒப்புக்கொண்டான். அவ்வொப்புதலும் அறிவின்பாற்பட்டதே.

தாது வருஷம்

பழங்கதையை விடுத்து, ஐயமின்றி நாம் அறிந்த பஞ்சம் ஒன்றைக் காண்போம். 1876 ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டு தாது. ஆதலின் மக்கள் அதனைத் தாது வருஷப் பஞ்சம் என்றனர். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எங்கும் அது பரவி 1878 வரை நீடித்தது. இறந்தோர் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட மதிப்பீடு. மதுரை, இராமநாதபுரப் பகுதிகளினின்று பல்லாயிரவர் இலங்கையின் காப்பித்தோட்டங்களை நோக்கி நடந்தனர்.

அந்நாளிலும் விளக்கம் கூறுவோர்க்குக் குறைவில்லை. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று ஆள்வோர் உறுதிகொண்டிருந்தனர். மக்கட்பெருக்கமே பஞ்சத்திற்கு ஏது என்றனர் சிலர். உதவி மிகின் மக்கள் சோம்பர் ஆவர் என்றனர் வேறு சிலர். 1877 ஆம் ஆண்டில் இந்திய அரசினரால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராகிய கார்னிஷ் என்பார், அவ்வளவு உணவால் உழைப்பவன் உடல் நில்லாது என்று வன்மையாய் மறுத்தார். சில திங்களுக்குப் பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. மெலிந்தோரின் உடலை நோக்கியவர் ஒருவர். கணக்கை நோக்கியவர் மற்றவர்.

இன்று அறிவியலார் கூறுவது யாது? 1877, 1878 ஆம் ஆண்டுகளிற் பசிபிக் மாக்கடலின் வெப்பமண்டலப் பரப்பு அளவிறந்து வெம்மையுற்றது. எல் நினோ எனப்படும் அந்நிகழ்ச்சி, பதிவான காலத்துள் மிக வலியவற்றுள் ஒன்று. அக்காலத்தில் இந்தியாவேயன்றி வட சீனமும் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியும் உடன் வறண்டன. மொழியாலும் சமயத்தாலும் ஒருவரையொருவர் அறியாத முந்நாட்டு உழவரும் ஒரே காலத்தில் ஒரே வகைப் பிழையைச் செய்தனர் என்று கூறத் துணிவார் யார்?

கிறிஸ்தவராகிய நாம் இங்கே நம்மையும் சோதித்துக்கொள்ளுதல் கடன். 1834 ஆம் ஆண்டில் மதுரையில் வேரூன்றிய அமெரிக்க மிஷன் இந்நாட்டு மண்டபசாலையிலும் தன் நிலையத்தை நிறுவியிருந்தது. பஞ்சக்காலத்தில் மிஷனெரிமார் பலர் பசித்தோர்க்கு உணவளித்ததும், பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஏற்று வளர்த்ததும் மெய்யே. திருநெல்வேலிச் சீமையிற் பஞ்சத்தையொட்டிப் பல்லாயிரவர் சபைகளிற் சேர்ந்ததும் மெய்யே. அதுகொண்டு, ‘சபை வளர்தற்கென்றே இறைவன் பஞ்சத்தை விடுத்தான்’ என்று கூறுதல் தகுமோ? இறந்த குழந்தைகளைப் படிக்கட்டாக்கி ஏறிவரும் இறைவனைச் சுவிசேஷம் நமக்குக் காட்டவில்லை.

யோபின் நண்பர்

இனி நூலுக்கு வருவோம். ஊத்ஸ் தேசத்து யோபு உத்தமன் என்று நூலின் முதல் வாக்கியமே சான்று பகர்கின்றது. ஒரே நாளில் மந்தைகளை இழந்தார். புதல்வர் எழுவரையும் புதல்வியர் மூவரையும் இழந்தார். பின்னர் உடலெங்கும் பருக்கள் எழச் சாம்பலில் அமர்ந்தார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு சொல்லும் சொல்லாதிருந்தனர். அம்மூவரும் செய்தவற்றுள் நற்செயல் அதுவேயாம். வாய்திறந்த பின்னரே அவர்தம் பிழை தொடங்கிற்று.

அவர்தம் வாதம் யாது? ‘தீமை செய்தார் துன்புறுவர், நீ துன்புறுகின்றாய், ஆதலின் நீ தீமை செய்தாய்’ என்பதே. இதன் வழுவை அளவைநூல் தொடங்கும் மாணவனும் அறிவான். நஞ்சுண்டார் இறப்பர் என்பது மெய். இறந்தாரெல்லாம் நஞ்சுண்டார் அல்லர். ஆயினும் கற்றறிந்த மூவர் ஏன் இவ்வழுவைப் பற்றிநின்றனர்? அச்சத்தால் என்பதே நம் கருத்து. குற்றமற்றவனுக்கு இது நேருமாயின் நமக்கும் நேரலாமன்றோ? யோபிடம் ஒரு குற்றம் கண்டுவிடின், அக்குற்றமில்லாத தாம் பிழைத்தோம் என்று உறங்கலாம். துன்புறுவோனுக்கு நாம் கூறும் விளக்கங்களுட் பல அவனுக்காகப் பிறந்தன அல்ல. நம் அச்சத்தை ஆற்றப் பிறந்தனவே.

யோபு அவ்விளக்கத்தை ஏற்றாரல்லர். தாம் பிறந்த நாளைச் சபித்தார். இறைவனோடு நேர்நின்று வழக்காட விழைந்தார். பொறுமைக்கு யோபு என்று நாம் உவமை கூறுகின்றோம். நூலின் பெரும்பகுதியோ அவர்தம் முறையீடாகவே உள்ளது. நூலின் முடிவில் இறைவன் எவர் பக்கம் நின்றான் என்பது உற்றுநோக்கற்பாலது. தம்மைக் குறித்துச் செவ்வையாய்ப் பேசியவன் முறையிட்ட யோபே. விளக்கம் கூறிய நண்பர் அல்லர் என்று தீர்ப்பளித்தான். யோபு அவர்பொருட்டு வேண்டிக்கொள்ளவேண்டும் என்றும் கட்டளையிட்டான். இறைவனுக்காக வழக்காடியவர் தோற்றனர். இறைவனோடு வழக்காடியவர் வென்றார்.

ஆளில்லாப் பாலையில் மழை

சூறாவளியினின்று இறைவன் யோபுக்கு மறுமொழி கூறும் பகுதியே கரிசல் நாட்டார்க்கு மிகக் கடினமானது. ‘நீ ஏன் துன்புற்றாய்’ என்பதற்கு அங்கே விடையே இல்லை. விண்மீன்களையும் வரையாடுகளையும் காக்கைக் குஞ்சுகளையும் பற்றிய வினாக்களே அடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மழையைப் பற்றியது. மனிதர் ஒருவரும் வாழாத பாலைநிலத்தில் மழையைப் பொழிந்து, அங்குப் புல்லை முளைப்பிப்பவர் யார் என்பது அதன் பொருள்.

இதனை முதலில் ஓதியபோது யாம் மனம் வெதும்பினோம். எம் ஊர்க் கண்மாய் வெடித்துக் கிடக்க, ஆளில்லாப் பாலையில் மழையா? கார்த்திகையிற் கருமேகம் திரண்டு எம் தலைமேற் கடந்து கடலிற் சென்று பொழிதலைக் கண்டவர்க்கு இச்சொல் எரியும் புண்ணிற் கோலிட்டதுபோல் தோன்றும். பன்முறை ஓதிய பின்னரே அதன் உட்பொருள் விளங்கிற்று.

ஆளில்லா நிலத்திற் பெய்யும் மழை எவருடைய புண்ணியத்திற்கும் கூலி அன்று. அங்கே கூலி பெறுவார் இலர். அது படைத்தவன் மகிழ்ந்து ஈயும் கொடை. மழை கூலி அன்றாயின், மழையின்மை தண்டனையும் அன்று. நண்பர் மூவரும் கட்டிய கணக்கேடு இவ்வொரு வினாவாற் கிழிந்துபோகின்றது. ‘நான் என்ன பிழை செய்தேன்?’ என்று இரவெல்லாம் வினவிய தாய்க்கு இந்நூல் தரும் விடை, ‘இக்காரணத்தால் நின் மகன் இறந்தான்’ என்பதன்று. ‘நின் பிழையால் அன்று’ என்பதே. அவ்விடை சிறிதெனத் தோன்றலாம். அதனைப் பெறாது வாழ்நாளெல்லாம் வெந்தவர்க்கே அதன் பெருமை தெரியும்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு பெருமானும் இதனையே உறுதிசெய்தார். நீதியுள்ளவர்மேலும் நீதியற்றவர்மேலும் ஒப்ப மழை பெய்விக்கும் பிதா என்று இறைவனைக் காட்டினார். சீலோவாமிற் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டபோது, அவர்கள் மற்றையோரினும் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை மறுத்தார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர் வினவியபோது, இருவரும் அல்லர் என்றார்; உடனே சேற்றை உண்டாக்கி அவன் கண்களிற் பூசி, சீலோவாம் குளத்திற் கழுவ அனுப்பினார். குற்றம் தேடும் பேச்சு நின்ற இடத்தில் குணமாக்கும் கை தொழிற்படத் தொடங்கிற்று.

ஞானம் விளையும் இடம்

யோபின் நூலில் இருபத்தெட்டாம் அதிகாரம் ஞானத்தைப் பற்றியது. மனிதன் நிலத்தைக் குடைந்து வெள்ளியும் பொன்னும் எடுக்கின்றான். பறவையின் கண்ணும் காணாத வழியை இருளில் அமைக்கின்றான். ஆயினும் ஞானம் எங்கே என்று அறியான் என்பது அதன் கருத்து. கிணறு வெட்டும் நாட்டார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கரிசலைத் தோண்டி, சுக்கானைத் தாண்டி, பாறையை உடைத்து இறங்குவோம். இக்காலத்தில் இயந்திரம் கொண்டு பன்னூறு அடி துளைப்போம். அவ்வளவு ஆழத்தும் ‘ஏன்’ என்பதற்கு விடை ஊறுவதில்லை. இறைவனுக்கு அஞ்சுதலே ஞானம், தீமையை விட்டு விலகுதலே அறிவு என்று அவ்வதிகாரம் முடிகின்றது. அவ்வச்சம் அடிமையின் நடுக்கம் அன்று. இறைவன் இருக்கையில் தான் அமராத அடக்கம். பிறன் துன்பத்திற்குத் தீர்ப்பெழுத முற்படுவோன் அவ்விருக்கையிலன்றோ அமர முயல்கின்றான்!

இவ்வினாவை இந்நாட்டில் எழுப்பியவர் நாம் மட்டும் அல்லேம். தாது வருஷப் பஞ்சம் தணிந்த சிறிது காலத்தில், 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள், திருச்சுழியிற் பிறந்தவர் இரமண மகரிஷி. இளமையிலே தந்தையை இழந்தார். மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். 1896 ஆம் ஆண்டில் மரண அச்சம் தம்மைப் பற்றியபோது, இறப்பது யார் என்று தம்முள்ளே வினவினார். அவர் சென்ற வழி வேறு; நாம் பற்றிய வழி வேறு. அவர் வினாவைத் தம்முள் திருப்பினார். யோபு அதனை இறைவன் திருமுன் வைத்தார். எனினும் துன்பத்திற்கு மலிவான விளக்கம் கூறி அமையாமையில் இருவரும் நமக்கு ஆசான்மாரே.

யோபின் முறையீட்டிற்குச் சொல்லால் வாராத விடை சிலுவையில் வந்தது என்பது நம் விசுவாசம். குற்றமற்றவர் அங்கே துன்புற்றார். தாகத்தால் நாவறண்டார். தாம் கைவிடப்பட்டதாக முறையிட்டார். ‘ஏன்’ என்னும் வினா மனிதனிடமிருந்து மேல்நோக்கி மட்டும் எழுவதன்று. தேவகுமாரனின் வாயினின்றும் எழுந்தது. ஆதலின் முறையிடுதல் அவிசுவாசம் அன்று. வறண்ட நாவினர்க்கு அருகே தாமும் நாவறண்டு அமர்ந்தவரையே நாம் ஆண்டவர் என்கின்றோம்.

ஞானத்தின் பயன்

காரணம் தெரியாதென்று கைகட்டி இருத்தலோ ஞானம் என்று வினவலாம். அன்று. குற்றம் தேடுதல் ஒழிந்தபோதே தொண்டு தொடங்கும். தாது வருஷத்தில் மாயூரத்தில் வாழ்ந்த வேதநாயகம் பிள்ளையே அதற்குச் சான்று. முன்னர் முன்சீப்பாய் இருந்த அக்கிறிஸ்தவத் தமிழ்ப்புலவர், பஞ்சத்திற் பசித்தோர்க்குத் தம் பொருளைச் செலவிட்டு உணவளித்தார். சைவ அன்பராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை வியந்து அவர்மீது கீர்த்தனம் பாடினார். கஞ்சிக்கு வந்தவனை நோக்கி அவன் வினையையோ சமயத்தையோ வினவாத கொடை அது. பஞ்சம் தெய்வத் தண்டனை என்று அமையாது, அதன் இயற்கை ஏதுக்களையும் ஆட்சிப்பிழைகளையும் ஆராயத் தொடங்கியதனாலன்றோ 1880 ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், அதன்வழிப் பஞ்ச நிவாரண விதிகளும் தோன்றின? கண்மாயைத் தூர்வாருதலும், வரத்துக்காலைச் செப்பனிடுதலும், விதை இழந்தவனுக்கு விதை கொடுத்தலும் நம் கையில் உள்ளன.

யோபு மீண்டும் செல்வம் பெற்றார் என்று நூல் முடிகின்றது. ஆடும் ஒட்டகமும் இருமடங்காயின. பிள்ளைகளோ முன்போற் பதின்மரே; இருமடங்கு ஆயினரல்லர். இழந்த மகவிற்கு மற்றொரு மகவு ஈடாகாது என்பதை நூலாசிரியர் அறிந்திருந்தார் போலும். எம் அன்னையாரும் அழுகை முற்றும் ஒழிந்தாரல்லர். ஆயினும், ‘நான் என்ன பிழை செய்தேன்?’ என்னும் வினா இப்போது அவர் வாயில் எழுவதில்லை.

கற்ற கல்வியைக் கொண்டு நாளை ஊர்தோறும் செல்லவிருக்கும் நாம், துன்புற்ற வீட்டின் வாயிலில் ஒருநாள் நின்றே தீர்வோம். அன்று நாவில் எழும் விளக்கத்தை அடக்கும் அறிவையும், இரண்டு குடம் நீர் சுமக்கும் வலியையும் இறைவன் நமக்கு அருள்வானாக.